கரைசலில் அணைவுச் சேர்மத்தின் நிலைப்புத்தன்மை மாறிலியைப் பிஎச் தரம்பார்த்தலால் அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

உலோக அயனியும் ஈனியும் (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறு அல்லது அயனி) கரைசலில் எந்த விகிதத்தில், எவ்வளவு உறுதியாகச் சேர்கின்றன என்பதை எண்ணாகச் சொல்வதுதான் நிலைப்புத்தன்மை மாறிலி. அதைக் கண்ணாடி மின்வாயும் பியூரெட்டும் கொண்டு அளக்கும் முறை இங்கே படிப்படியாக வருகிறது. எடுத்துக்காட்டு: நிக்கல்(2+) அயனியும் கிளைசினும், 25 டிகிரி செல்சியஸில், அயனி வலிமை 0.1 மோலாரில்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கணக்கீடுதான் கடினம் என்று நினைத்து, கரைசல் தயாரிப்பை அவசரமாக முடித்துவிடுகிறார்கள். உண்மையில் முடிவின் தரம் உலோகத்தைக் கலத்தில் இடுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம்.

1. இந்த முறை உங்கள் அமைப்புக்குப் பொருந்துமா?

பிஎச் முறை ஒரே ஒரு போட்டியை நம்பி நிற்கிறது: ஈனியின் அதே இடத்துக்கு உலோகமும் புரோட்டானும் போட்டியிடுகின்றன. உலோகம் பிணையும்போது புரோட்டான் வெளியேறுகிறது. அந்தப் புரோட்டானை எண்ணினால் பிணைந்த ஈனியை எண்ணியதாகும். ஆகவே ஈனி ஒரு வலுக்குறைந்த அமிலமாகவோ காரமாகவோ இருக்க வேண்டும். அதோடு அணைவு 2.5 முதல் 10.5 வரையுள்ள பிஎச் எல்லைக்குள் உருவாக வேண்டும்.

நிக்கல்-கிளைசினுக்கு நிறமானி ஏன் வேண்டாம்? நீரேற்ற நிக்கல் அயனியின் மோலார் உட்கவர்திறன் 395 நானோமீட்டரில் ஏறத்தாழ 5 தான். 0.001 மோலார் கரைசலில், 1 செ.மீ. கலத்தில், உட்கவர்ச்சி 0.005 அளவில் நின்றுவிடும். அதில் எதையும் நம்பகமாக அளக்க முடியாது. உலோக-ஈனி விகிதத்தை மாற்றி மாற்றி உட்கவர்ச்சியை அளக்கும் ஜாப் முறைக்கும் இங்கே இடமில்லை. ஒரே ஒரு அணைவு மேலோங்கும்போதுதான் அது நேர்மையான விகிதம் தரும். இங்கே ஒன்று, இரண்டு, மூன்று கிளைசின் கொண்ட அணைவுகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து வருகின்றன.

2. முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

பிஎச் மீட்டர் 0.001 அலகு வரை, அல்லது 0.1 மில்லிவோல்ட் வரை காட்ட வேண்டும். இரண்டு தசமம் மட்டும் காட்டும் கருவி செய்முறைப் பயிற்சிக்குப் போதும், வெளியிடத்தக்க மாறிலிக்குப் போதாது. மின்வாய் ஒருங்கிணைந்த கண்ணாடி மின்வாயாக இருக்கலாம்.

மூடியுள்ள, நீர்ச்சுற்று உறையிட்ட கண்ணாடிக் கலம் வேண்டும். மூடியில் மின்வாய், பியூரெட் முனை, நைட்ரஜன் நுழைவு, வாயு வெளியேற்றம் ஆகியவற்றுக்குத் துளைகள் தேவை. நிலைவெப்பத் தொட்டி 25.0 ± 0.1 டிகிரியைப் பிடிக்க வேண்டும்.

பியூரெட் 10 மி.லி. கொள்ளளவுள்ள நுண்பியூரெட். முனை கரைசலுக்குள் சற்று மூழ்கியிருக்கட்டும். வெளியே தொங்கினால் ஒவ்வொரு துளியும் 0.03 முதல் 0.05 மி.லி. வரை போய்விடும். அதைவிடச் சிறிய படி எடுக்க முடியாது. முனைத் துளை நுண்ணியதாக இருந்தால்தான் கரைசல் உள்ளே பரவி வராது.

நைட்ரஜனை நேராகக் கலத்துக்குள் விடக்கூடாது. முதலில் நீர்த்த காரம் உள்ள குமிழிக் குடுவை, அடுத்து 0.1 மோலார் சோடியம் நைட்ரேட் உள்ள குடுவை, பிறகு கலம். முதலாவது கார்பன் டை ஆக்சைடை அகற்றும். இரண்டாவது வாயுவை ஈரமாக்கும். உலர்ந்த வாயு ஒரு மணி நேரம் ஓடினால் கலத்திலுள்ள நீரையே எடுத்துச் சென்றுவிடும்.

3. காரக் கரைசல்: முதல் வேலை, முக்கியமான வேலை

கார்பனேட் கலந்த காரமே இந்தச் சோதனையைக் கெடுக்கும் முதல் காரணி. கார்பனேட் தானே ஒரு தாங்கல் அமைப்பு. பிஎச் 6 அருகிலும் 10 அருகிலும் புரோட்டானை வாங்கிக் கொடுக்கும். உங்கள் அணைவு உருவாகும் இடமும் அதுதான்.

சோடியம் ஹைட்ராக்சைடை அதே எடையுள்ள நீரில் கரைத்து 50 சதவீதக் கரைசல் செய்யுங்கள். இவ்வளவு செறிவில் சோடியம் கார்பனேட் கரையாது, அடியில் படியும். மூடிய பாலிஎதிலீன் புட்டியில் சில நாள் நிற்க விட்டு, மேலுள்ள தெளிந்த பகுதியில் 5.2 மி.லி. எடுத்து, கொதிக்க வைத்து நைட்ரஜனில் குளிர வைத்த நீரில் 1 லிட்டராக்குங்கள். ஏறத்தாழ 0.1 மோலார் கிடைக்கும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இந்த வழி பலிக்காது. அதன் செறிந்த கரைசலில் பொட்டாசியம் கார்பனேட் நன்றாகவே கரையும்.

50 சதவீதக் காரம் தோலையும் கண்ணையும் நொடியில் அரிக்கும். கண் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொட வேண்டாம். கரையும்போது கடுமையாகச் சூடாகும் என்பதால், பனிநீர்த் தொட்டியில் வைத்துச் சிறிது சிறிதாக இடுங்கள்.

தரப்படுத்த, 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்திய பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் 0.41 கிராம் அளவில் துல்லியமாக எடையிடுங்கள். மூலக்கூறு எடை 204.22 என்பதால் இது ஏறத்தாழ 20 மி.லி. காரம் வாங்கும். மூன்று முறை செய்து, மூன்றும் 0.2 சதவீதத்துக்குள் ஒத்துவர வேண்டும். வராவிட்டால் மேலே போக வேண்டாம். பின்வரும் ஒவ்வொரு கணக்கும் இந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது.

4. மற்ற கரைசல்கள்

பின்னணி உப்பு: சோடியம் நைட்ரேட் 1.0 மோலார். 250 மி.லி.க்கு 21.25 கிராம். அயனி வலிமை மாறாமல் இருந்தால்தான் ஆக்டிவிட்டிக் குணகங்கள் (செறிவை அயனியின் செயல்படும் செறிவான ஆக்டிவிட்டியாக மாற்றும் எண்கள்) சோதனை முழுவதும் மாறாமல் இருக்கும், மாறிலி உண்மையிலேயே மாறிலியாக இருக்கும். குளோரைடு உப்பைத் தவிர்ப்பது நல்லது. காட்மியம், ஈயம், பாதரசம் போன்றவற்றோடு குளோரைடே அணைவாகிவிடும். பெர்குளோரேட் பயன்படுத்துவதானால், மின்வாயின் உள்நிரப்பியான பொட்டாசியம் குளோரைடைச் சோடியம் குளோரைடாக மாற்றுங்கள். பொட்டாசியம் பெர்குளோரேட் நன்றாகக் கரையாது. மின்வாயின் சந்திப்புத் துளையில் படிந்து அடைத்துக்கொள்ளும். அளவு நகர்ந்துகொண்டே போகும், காரணம் கண்ணுக்குத் தெரியாது.

அமிலம்: நைட்ரிக் அமிலம் 0.1 மோலார். செறிந்த அமிலம் ஏறத்தாழ 6.3 மி.லி. எடுத்து 1 லிட்டராக்கி, தரப்படுத்திய காரத்தால் தரம்பாருங்கள்.

கிளைசின்: 0.1 மோலார். 100 மி.லி.க்கு 0.7507 கிராம். நுண்ணுயிர்களுக்கு இது உணவு என்பதால் அன்றன்று செய்வதே நல்லது.

நிக்கல் நைட்ரேட் ஆறு நீரேறி: 0.02 மோலார். 250 மி.லி.க்கு 1.454 கிராம். இந்த எடையை அப்படியே நம்பக்கூடாது. உப்பு ஈரத்தை இழுக்கும், படிக நீரின் அளவு புட்டிக்குப் புட்டி மாறும். அம்மோனியாத் தாங்கலில், மியூரெக்சைடு நிறங்காட்டியோடு ஈடிடிஏ கொண்டு தரம்பாருங்கள். மஞ்சள் நிறம் நீலம் கலந்த ஊதாவாக மாறும் இடம் முடிவுநிலை. நிக்கல் ஈடிடிஏவோடு மெதுவாக வினைபுரிவதால், முடிவை நெருங்கும்போது ஒவ்வொரு துளிக்கும் காத்திருக்க வேண்டும். நிக்கல் உப்புகள் ஒவ்வாமையைத் தூண்டும், தூசியை உள்ளிழுத்தால் புற்றுநோய் அபாயமும் உண்டு. பொடியை மெதுவாகக் கையாளுங்கள், கழிவைத் தொட்டியில் கொட்டாமல் தனியே சேருங்கள்.

நிக்கல் கரைசலில் அமிலம் சிறிதளவு கலந்திருக்கலாம். சிலர் நீராற்பகுப்பைத் தடுக்க வேண்டுமென்றே சேர்ப்பார்கள். அந்த அமிலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பது 10-ஆம் பகுதியில்.

5. மூன்று தரம்பார்த்தல்களுக்கான கலவைகள்

தொடக்கப் பருமன் ஒவ்வொன்றிலும் 50.00 மி.லி.

கலவை 1 (அமிலம் மட்டும்): அமிலம் 5.00, சோடியம் நைட்ரேட் 4.50, நீர் 40.50 மி.லி.

கலவை 2 (அமிலம், ஈனி): அமிலம் 5.00, சோடியம் நைட்ரேட் 4.50, கிளைசின் 2.50, நீர் 38.00 மி.லி.

கலவை 3 (அமிலம், ஈனி, உலோகம்): அமிலம் 5.00, சோடியம் நைட்ரேட் 4.35, கிளைசின் 2.50, நிக்கல் 2.50, நீர் 35.65 மி.லி.

மூன்றாவதில் உப்பு ஏன் குறைகிறது? 0.001 மோலார் நிக்கல் நைட்ரேட், மின்சுமை இரண்டு என்பதால், தானே 0.003 அயனி வலிமை தருகிறது. அதைக் கழித்தால்தான் மூன்றிலும் 0.1 வரும்.

அமிலம் 0.5, ஈனி 0.25, உலோகம் 0.05 மில்லிமோல். உலோகத்துக்கு ஈனி ஐந்து மடங்கு. இந்த உபரி இல்லாவிட்டால் நடுநிலைக்கு மேல் நிக்கல் ஹைட்ராக்சைடு உருவாகிக் கரைசல் கலங்கும், மூன்றாவது அணைவும் எட்டாது.

எல்லாவற்றையும் பிப்பெட்டால் நேராகக் கலத்திலேயே இடுங்கள். 50 மி.லி. அளவுக் குடுவையில் செய்து கலத்துக்கு ஊற்றினால், குடுவைச் சுவரில் ஒட்டி நிற்கும் பகுதி இழப்பாகும். 2.50 மி.லி.யை நுண்பிப்பெட்டால் எடுப்பவர்கள் நீரை எடையிட்டு அதன் அளவைச் சரிபார்த்துக்கொள்ளவும்.

6. மின்வாயை இரண்டு கட்டமாகச் சரிசெய்தல்

முதல் கட்டம் வழக்கமானது. 25 டிகிரியில் 4.01, 6.86, 9.18 தாங்கல் கரைசல்கள். சாய்வு ஒரு பிஎச் அலகுக்கு 59.16 மில்லிவோல்ட் வர வேண்டும். 95 சதவீதத்துக்குக் கீழே, அதாவது 56.2-க்குக் கீழே போனால் மின்வாயை மாற்றுங்கள் அல்லது புதுப்பியுங்கள்.

பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். தாங்கல் கரைசல்கள் ஆக்டிவிட்டி அளவுகோலில் அமைந்தவை. நமக்கு வேண்டியது ஹைட்ரஜன் அயனியின் செறிவு. அயனி வலிமை 0.1-இல் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 0.1 அலகு வேறுபாடு உண்டு. திரவச் சந்திப்பு மின்னழுத்தமும் அதோடு சேர்வதால், அட்டவணையிலிருந்து எடுக்காமல் உங்கள் மின்வாய்க்கு நீங்களே அளக்க வேண்டும். கலவை 1 அதற்காகத்தான்.

கலவை 1-ஐ 7 மி.லி. வரை தரம்பாருங்கள். 0 முதல் 4.4 மி.லி. வரை ஒவ்வொரு புள்ளியிலும் ஹைட்ரஜன் அயனிச் செறிவு நமக்கே தெரியும்: (0.5 − 0.1 × காரப் பருமன்) ÷ (50 + காரப் பருமன்). அதன் எதிர்க்குறி மடக்கையை மீட்டர் காட்டும் பிஎச்-இலிருந்து கழியுங்கள். அந்த வேறுபாடு எல்லாப் புள்ளியிலும் ஒன்றாக, 0.01-க்குள் நிற்க வேண்டும். இனி மீட்டர் அளவிலிருந்து அதைக் கழித்து வருவதைச் 'செறிவு-பிஎச்' என்று அழைப்போம்.

5.3 மி.லி.க்கு மேல் உள்ள புள்ளிகளில் ஹைட்ராக்சைடு செறிவு தெரியும். அங்கிருந்து நீரின் அயனிப் பெருக்க மாறிலி கிடைக்கும். எதிர்க்குறி மடக்கையில் 13.78 அருகே வர வேண்டும். புள்ளிக்குப் புள்ளி நகர்ந்தால் காரத்தில் கார்பனேட் இருக்கிறது.

இன்னும் கூர்மையான சோதனை கிரான் வரைபடம். சமானப் புள்ளிக்கு முன்பு (50 + காரப் பருமன்) × 10⁻ᵖ என்ற மதிப்பையும், பின்பு (50 + காரப் பருமன்) × 10⁺ᵖ என்ற மதிப்பையும் காரப் பருமனுக்கு எதிராக வரையுங்கள். ᵖ என்பது மீட்டர் காட்டும் பிஎச். இரண்டு நேர்கோடுகளும் பருமன் அச்சை ஒரே இடத்தில் வெட்ட வேண்டும். காரப் பக்கக் கோடு வலப்பக்கம் தள்ளி வெட்டினால் கார்பனேட் உறுதி. இடைவெளி 0.02 மி.லி.க்கு மேல் போனால் காரத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். இந்த ஒரு தீர்மானத்தில் சோம்பல் காட்டினால், பின்னால் வாரக்கணக்கில் எண்களோடு மல்லாட வேண்டிவரும்.

7. தரம்பார்க்கும்போது

நைட்ரஜனை முதலில் 15 நிமிடம் கரைசலுக்குள் விட்டு, பிறகு கரைசலின் மேற்பரப்புக்கு மேல் ஓட விடுங்கள். அளவெடுக்கும்போது குமிழிகள் மின்வாயில் மோதினால் எண் நிலைக்காது. காந்தக் கலக்கியின் வேகத்தையும் நடுவில் மாற்றக்கூடாது.

படி அளவு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. 4.5 மி.லி. வரை 0.25 மி.லி., அதன் பிறகு கலவை 3-இல் 0.05 மி.லி. அணைவு உருவாகும் பகுதி 5.0 முதல் 7.3 மி.லி.க்குள் அடங்கிவிடும். அங்கே 40 புள்ளியாவது இருக்க வேண்டும்.

மின்னழுத்த நகர்வு நிமிடத்துக்கு 0.2 மில்லிவோல்ட்டுக்குக் குறைந்த பின்பே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கலவை 3-இல் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பத்து நிமிடம் கழித்தும் பிஎச் இறங்கிக்கொண்டே இருந்தால் நீராற்பகுப்போ வீழ்படிவோ தொடங்கியிருக்கிறது. அந்தப் புள்ளியும் அதற்குப் பிந்தையவையும் கணக்கில் சேரக்கூடாது.

கலவை 1, 2, 3 ஆகிய மூன்றையும் ஒரே நாளில், ஒரே மின்வாயில், ஒரே காரக் கரைசலில் முடியுங்கள். மறுநாள் மின்வாயின் திருத்தம் மாறியிருக்கும்.

8. ஈனியின் புரோட்டான் மாறிலிகள்

கலவை 2-இல் ஒவ்வொரு புள்ளிக்கும் ஈனியோடு பிணைந்த புரோட்டானின் செறிவைக் கணக்கிடுங்கள்:

பிணைந்த புரோட்டான் = (அமிலம் + ஈனி − காரம்) ÷ மொத்தப் பருமன் − ஹைட்ரஜன் அயனி + ஹைட்ராக்சைடு

அமிலம், ஈனி, காரம் மூன்றும் மில்லிமோலில், பருமன் மி.லி.யில். ஈனியையும் கூட்டுவது ஏனென்றால், கிளைசின் மூலக்கூறு ஒவ்வொன்றும் இடும்போதே ஒரு புரோட்டானைக் கொண்டுவருகிறது. பருமனைக் காரத்தோடு சேர்த்து ஒவ்வொரு புள்ளியிலும் புதுப்பிக்க வேண்டும். 50-லிருந்து 57.5 மி.லி. வரை போவது 15 சதவீத நீர்த்தல்.

இதை ஈனிச் செறிவால் வகுத்தால் ஒரு ஈனிக்கு எத்தனை புரோட்டான் என்பது கிடைக்கும். அது 0.5 ஆகும் இடத்தின் செறிவு-பிஎச் அமினோ தொகுதியின் மாறிலி. 9.6 அருகே வரும். அந்த இடம் 6.25 மி.லி.யில் இருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். ஆனால் அங்கே தனி ஹைட்ராக்சைடே ஏறத்தாழ 0.04 மி.லி. காரத்தை எடுத்துக்கொள்வதால் 6.29 அருகே வரும். ஹைட்ராக்சைடு உறுப்பைக் கணக்கில் விட்டவர்களுக்கு மாறிலி தவறுவது இங்கேதான்.

கார்பாக்சில் தொகுதியின் மாறிலி 2.35 அருகில். அந்தப் பகுதியில் தனி ஹைட்ரஜன் அயனி மிக அதிகம். பிஎச் 0.01 பிசகினால் புரோட்டான் எண் 0.03 மாறிவிடும். நிக்கல் அணைவு பிஎச் 5-க்கு மேல்தான் தொடங்குவதால் இந்த எண்ணின் தாக்கம் சிறிது. இதற்காக நேரம் செலவிட வேண்டாம். தாமிரமாக இருந்தால் கதை வேறு. தாமிர-கிளைசின் அணைவு பிஎச் 3 அருகிலேயே தொடங்குகிறது, அங்கே கார்பாக்சில் மாறிலியைக் கவனமாக அளக்க வேண்டும்.

9. சராசரி ஈனி எண்ணும் தனி ஈனியும்: ஒரு புள்ளியை முழுதாகக் கணக்கிடுவோம்

கலவை 3-இல் 5.61 மி.லி. காரம் சேர்த்தபோது செறிவு-பிஎச் 7.00 என்று வைத்துக்கொள்ளுங்கள். காரம் 0.1000 மோலார். புரோட்டான் மாறிலிகள் 9.60, 2.35.

மொத்தப் பருமன் 55.61 மி.லி. பிணைந்த புரோட்டான்: (0.5 + 0.25 − 0.561) ÷ 55.61 = 0.003399 மோலார். பிஎச் 7-இல் ஹைட்ரஜன் அயனி, ஹைட்ராக்சைடு இரண்டும் புறக்கணிக்கத்தக்கவை.

இந்தப் புரோட்டான்கள் எல்லாம் உலோகத்தோடு சேராத கிளைசினிடம் உள்ளன. தனி ஈனி என்பது புரோட்டானையும் இழந்து உலோகத்தோடும் சேராத எதிரயனி. ஒரு தனி ஈனிக்கு ஒரு புரோட்டான் ஏறிய கிளைசின் 10⁹·⁶⁰ × 10⁻⁷ = 398.1 மடங்கு. இரண்டு புரோட்டான் ஏறியது 0.009 மடங்கு. ஆகவே தனி ஈனி = 0.003399 ÷ (398.1 + 2 × 0.009) = 8.54 × 10⁻⁶ மோலார். அதன் எதிர்க்குறி மடக்கை, பிஎல், 5.07.

உலோகத்தோடு சேராத மொத்தக் கிளைசின் = 8.537 × 10⁻⁶ × 399.1 = 0.003407. சேர்த்த மொத்தம் 0.25 ÷ 55.61 = 0.004496. வேறுபாடான 0.001089 உலோகத்தோடு சேர்ந்தது. உலோகச் செறிவு 0.05 ÷ 55.61 = 0.000899. ஒரு உலோக அயனிக்குச் சராசரியாகப் பிணைந்த ஈனிகள், அதாவது சராசரி ஈனி எண் = 1.21.

இதை வரைபடத்திலேயே சரிபார்க்கலாம். கலவை 2-இல் அதே பிஎச் 7 ஏறத்தாழ 5.01 மி.லி.யில் வரும். இரண்டு வளைவுக்கும் இடைவெளி 0.60 மி.லி., அதாவது 0.06 மில்லிமோல். 0.05 மில்லிமோல் உலோகத்தால் வகுத்தால் 1.2. உங்கள் கணிப்பொறித் தாள் இந்தத் தோராயத்தோடு ஒத்துவராவிட்டால் சூத்திரத்தில் பிழை.

எல்லாப் புள்ளிகளுக்கும் இதையே செய்து, சராசரி ஈனி எண்ணைப் பிஎல்லுக்கு எதிராக வரையுங்கள். இதுதான் உருவாக்க வளைவு.

10. வளைவை நம்பும் முன்: பிழை எங்கே எப்படித் தெரியும்

இந்தக் கணக்கு முழுவதும் புரோட்டானின் வரவு-செலவு ஏடு. பிழைகள் இரண்டு வழியாக நுழைகின்றன, இரண்டும் வெவ்வேறு இடத்தில் தலைகாட்டும்.

அமிலம், காரம், பருமன் ஆகியவற்றின் பிழை சராசரி ஈனி எண்ணைத் தாக்கும். மேலே கண்ட புள்ளியில் 0.01 மி.லி. காரப் பிழை அந்த எண்ணை 0.02 மாற்றும். அமிலச் செறிவில் 1 சதவீதப் பிழை 0.10 மாற்றும். புரோட்டான் மாறிலியின் பிழையோ ஈனி எண்ணை ஏறக்குறையத் தொடாது. பிஎல்லை அப்படியே நகர்த்தும். புரோட்டான் மாறிலியில் 0.05 தவறினால் முதல் நிலைப்புத்தன்மை மாறிலியின் மடக்கையும் 0.05 தவறும், வளைவோ அழகாகவே இருக்கும். அதனால்தான் புரோட்டான் மாறிலியை நூலிலிருந்து எடுக்காமல் அதே நாளில் அளக்கச் சொல்கிறோம்.

செறிவு-பிஎச் 4.0 முதல் 4.5 வரை நிக்கல்-கிளைசின் அணைவு அநேகமாக இல்லை. அங்கே ஈனி எண் 0.03-க்குள் இருக்க வேண்டும். 0.1 அல்லது 0.2 காட்டினால் கலத்தில் நீங்கள் எண்ணியதைவிட அதிக அமிலம் இருக்கிறது. பெரும்பாலும் நிக்கல் கரைசலில் மறைந்திருந்த அமிலம். எதிர்க்குறி வந்தால் அமிலத்தைக் கூடுதலாக மதிப்பிட்டிருக்கிறீர்கள், அல்லது செறிவு-பிஎச் திருத்தம் தவறு. இந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மேலே உள்ளதை மட்டும் பொருத்துவது மிகப் பரவலான தவறு. அதே பிழை எல்லாப் புள்ளியிலும் உள்ளது, கீழேதான் கண்ணுக்குத் தெரிகிறது.

ஈனி எண் 3-ஐத் தாண்டி ஏறினால் உலோகம் ஹைட்ராக்சைடையும் வாங்குகிறது, அல்லது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு நுழைந்திருக்கிறது.

கடைசிச் சோதனை: உலோகச் செறிவை 0.0005, 0.002 மோலாராக மாற்றிக் கலவை 3-ஐத் திரும்பச் செய்யுங்கள். உருவாக்க வளைவுகள் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். விலகினால் இரட்டை உலோக அணைவோ ஹைட்ராக்சோ அணைவோ இருக்கிறது, எளிய மாதிரி போதாது.

11. மாறிலிகளைப் பிரித்தெடுத்தல்

ஈனி எண் 0.5 ஆகும் பிஎல்லை முதல் மாறிலி என்றும், 1.5 ஆகும் பிஎல்லை இரண்டாவது என்றும் எடுக்கும் வழக்கம் உண்டு. படிகள் நன்றாக விலகியிருந்தால் மட்டுமே அது சரி. நிக்கல்-கிளைசினில் அடுத்தடுத்த இரண்டு மாறிலிகளின் மடக்கை வேறுபாடு ஏறத்தாழ 1 தான். முதல் மாறிலி 5.78 என்றால் 0.5-இல் பிஎல் 5.88 வரும். அளவீடு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் 0.10 பிழை முறையிலேயே இருக்கிறது. இதைத் தொடக்க மதிப்பாக மட்டும் வையுங்கள்.

அடுத்த படி நேர்கோட்டு முறை. ஈனி எண் 0.2 முதல் 0.8 வரையுள்ள புள்ளிகளில், நிலைக்குத்து அச்சில் (ஈனி எண்) ÷ [(1 − ஈனி எண்) × தனி ஈனி], கிடை அச்சில் (2 − ஈனி எண்) × தனி ஈனி ÷ (1 − ஈனி எண்). வெட்டுத்துண்டு முதல் மாறிலி, சாய்வு இரண்டாவது ஒட்டுமொத்த மாறிலி (முதல் இரண்டு படி மாறிலிகளின் பெருக்கல்). ஈனி எண் 1-ஐ நெருங்கும் புள்ளிகளைச் சேர்க்க வேண்டாம். பகுதி பூச்சியத்தை நெருங்கி, சின்னப் பிழையும் பெரிதாக வெடிக்கும்.

மூன்றாவது மாறிலிக்கு ஈனி எண் 2.2-க்கு மேல் புள்ளிகள் வேண்டும். அது செறிவு-பிஎச் 8.5-க்கு மேல்தான் கிடைக்கும்.

இறுதியில் எல்லாப் புள்ளியையும் ஒரே நேரத்தில் சிறும இருமடி முறையில் பொருத்துங்கள். ஹைப்பர்குவாட் போன்ற நிரல் அல்லது கணிப்பொறித் தாளின் தீர்வுக் கருவி போதும். பொருத்தம் முடிந்ததும் எச்சங்களை (அளந்ததற்கும் மாதிரி தருவதற்கும் உள்ள வேறுபாடுகளை) பிஎச்சுக்கு எதிராக வரைந்து பாருங்கள். இருபுறமும் சிதறியிருந்தால் நல்லது. அலைபோல் வளைந்தால் மாதிரியில் ஓர் இனம் குறைகிறது, அல்லது அமில அளவில் பிழை. அங்கே புதிய அணைவு ஒன்றைச் சேர்த்துப் பொருத்தத்தை அழகாக்கத் தோன்றும். 10-ஆம் பகுதியின் சோதனைகளைத் தாண்டாமல் அப்படிச் சேர்ப்பது இல்லாத சேர்மத்தை உருவாக்குவதாகும்.

ஒப்பிட்டுப் பார்க்க: 25 டிகிரியில், அயனி வலிமை 0.1-இல், ஒட்டுமொத்த மாறிலிகளின் மடக்கை ஏறத்தாழ 5.8, 10.6, 14.0. முதல் இரண்டில் 0.05-க்குள், மூன்றாவதில் 0.15-க்குள் வந்தால் உங்கள் அமைப்பு சரி. இனி அறியப்படாத ஈனிக்குப் போகலாம்.

12. வெப்பநிலையை மாற்றி அளப்பவர்களுக்கு

மடக்கை 5.78 என்பது 25 டிகிரியில் மோலுக்கு −33.0 கிலோஜூல் கட்டிலா ஆற்றல் மாற்றம். என்தால்பிக்கு 15, 25, 35, 45 டிகிரிகளில் மாறிலியை அளந்து, அதன் மடக்கையைத் தனிவெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரைய வேண்டும். தாங்கல் மதிப்பு, மின்வாய்ச் சாய்வு, நீரின் மாறிலி, புரோட்டான் மாறிலிகள் எல்லாமே ஒவ்வொரு வெப்பநிலையிலும் மாறும். 25 டிகிரி எண்களை மற்றவற்றுக்கு எடுத்துப் போட்டால் வரும் என்தால்பி பொருளற்றது.

25-க்கும் 45-க்கும் இடையில் மடக்கையில் 0.03 பிழை என்தால்பியில் மோலுக்கு 2.7 கிலோஜூல் பிழை. இவ்வகை அணைவுகளின் என்தால்பி சில பத்து கிலோஜூல்தான். அதனால் தசமப் புள்ளிக்குப் பின் எண் எழுதும் முன் யோசியுங்கள். என்தால்பியே முதன்மை நோக்கமானால் வெப்ப அளவியல் நேரடியான வழி.

13. முடிவை எழுதும்போது

மாறிலியோடு வெப்பநிலை, அயனி வலிமை, பின்னணி உப்பு, செறிவு மாறிலியா கலப்பு மாறிலியா (ஹைட்ரஜன் அயனிக்கு ஆக்டிவிட்டியும் மற்றவற்றுக்குச் செறிவும் கொண்டது), பயன்படுத்திய நீரின் மாறிலி, பிஎச் எல்லை, புள்ளிகளின் எண்ணிக்கை, தனித்தனித் தரம்பார்த்தல்கள் எத்தனை ஆகியவற்றை எழுதுங்கள். பிழை வரம்பைத் தனித்தனித் தரம்பார்த்தல்களின் சிதறலிலிருந்து எடுங்கள். நிரல் தரும் பொருத்தப் பிழை பெரும்பாலும் 0.005 அளவில் இருக்கும். அது ஒரே கரைசலுக்குள் உள்ள இசைவை மட்டும் காட்டும். புதிதாகக் காரமும் அமிலமும் செய்து திரும்ப அளக்கும்போது வரும் வேறுபாடு அதைப்போல் பல மடங்கு, அதைத்தான் படிப்பவர் அறிய வேண்டும்.